அம்மா அப்பாவின் கதையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 தை மாதத்திலிருந்து 2023 ஐப்பசி வரை என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வாழ்க்கையை அவள் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்தேன். மொத்தம் 43 பதிவுகள், கிட்டத்தட்ட 31 மணி நேரம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரை ஊர் எங்களுடையது. 2024 தையில் அம்மா தவறிவிட்டாள். காரியத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு இரண்டு பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: எப்படிப் பேச வைத்தாய், எதில் பதிவு செய்தாய், எங்க வீட்டிலும் செய்ய முடியுமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன்.

"எனக்கு என்ன பெரிய கதை இருக்கு" என்கிறார் அம்மா. எங்கே தொடங்குவது?

எல்லா அம்மாக்களும் சொல்வது இது. என் அம்மாவும் சொன்னாள். முதல் நாள் நான் செய்த தப்பு, "உன் வாழ்க்கையைப் பத்திச் சொல்லும்மா" என்று கேட்டது. "பொறந்தேன், கட்டிக்கிட்டு வந்தேன், உங்களப் பெத்தேன், வேற என்ன?" என்று அரை நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து வேறு மாதிரி கேட்டேன். "கட்டிக்கிட்டு வந்த மறுநாள் காலையில இந்த வீட்டு அடுப்ப யாரு பத்த வெச்சா?" அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் பேசினாள். அடுப்பு பற்றவில்லையாம். வைகாசியில் கோடை மழை பெய்து விறகு நனைந்துபோயிருந்தது. ஊதுகுழலை எடுத்து ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்து நின்றபோது, ஒரு வார்த்தையும் பேசாமல் மாமியார் ஒரு காய்ந்த வரட்டியைப் பிட்டு உள்ளே தள்ளிவிட்டுப் போனாராம். "அன்னிக்குத்தான் அந்தம்மா நல்லவங்கன்னு தெரிஞ்சுது" என்றாள். என் பாட்டியைப் பற்றி அதுவரை அம்மா ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு பொருளைத்தான் கேட்டேன். ஆட்டுக்கல் எங்கே கிடந்தது? ரசத்துக்கு வைத்த ஈயச் சொம்பு யார் கொடுத்தது? (புளித்தண்ணீரை ஊற்றாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் ஈயம் உருகிவிடும். கல்யாணமான புதிதில் அம்மா அப்படி ஒன்றை உருக்கிவிட்டிருக்கிறாள்.) முதல் மண்ணெண்ணெய் ஸ்டவ் எப்போது வந்தது? கேஸ் வந்தபோது பயமாக இருந்ததா? படியாலும் ஆழாக்காலும் அரிசி அளந்த கை, கிலோக் கணக்குக்கு எப்படிப் பழகியது? பொருளைக் கேட்டால் மனிதர்கள் தாமாக வருவார்கள். "நீ சந்தோஷமா இருந்தியா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் யாரும் உண்மையான பதில் சொல்ல மாட்டார்கள்.

பழசையே திரும்பத் திரும்பப் பேசுகிறாரே, இது மூளை தளர்வதன் அடையாளமா?

முந்தைய தலைமுறை மருத்துவர்கள் பலர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கட்டுரையில் அதை மறுத்தார். வயதானவர் பழையதை நினைப்பது வெறும் புலம்பல் இல்லை, முடிவு நெருங்குவதை உணரும் மனம் தன் வாழ்க்கையைக் கணக்குப் பார்க்கிறது, அது இயல்பாக எல்லாருக்கும் நடக்கும் வேலை என்பது அவர் வாதம். முதியோர் நினைவுகூர்தலைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் பலவும் அதிலிருந்து கிளைத்தவைதான்.

ஒரே கதையைப் பத்து தடவை சொன்னால் எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. ஆனால் கவனித்துப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். என் அம்மா தன் படிப்பு நின்ற கதையை ஐந்து பதிவுகளில் சொல்லியிருக்கிறாள். முதல் நான்கில் தாத்தாதான் நிறுத்தினார். ஐந்தாவதில், "நானும் ஒரு வார்த்த கேக்கல பாப்பா, கேட்டிருந்தா விட்டிருப்பாரோ என்னமோ" என்றாள். அந்த ஒரு வரிக்கு வந்து சேரத்தான் அவள் அத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

சொன்னதே மறந்துபோய் ஐந்து நிமிடத்தில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பதும், பழகிய தெருவில் வழி தவறுவதும், காசு எண்ணத் தடுமாறுவதும் வேறு விஷயம். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எந்த வயதைப் பற்றிக் கேட்டால் அதிகம் பேசுவார்கள்?

பத்து வயதிலிருந்து முப்பது வரை. ஞாபகத்தை ஆராய்கிறவர்கள் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது: நடுவயதைத் தாண்டியவர்களிடம் நினைவுகளைக் கேட்டால், இந்த இருபது வருடத்து நினைவுகள் மற்ற வயதைவிட அதிகமாக வந்து குவிகின்றன. முதல் தடவை நடந்ததெல்லாம் அப்போது நடந்ததுதான் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. என் அம்மாவின் 43 பதிவுகளில் பாதிக்கு மேல் 1955-க்கும் 1973-க்கும் இடைப்பட்டவை. நாங்கள் வளர்ந்து வேலைக்குப் போன காலத்தைப் பற்றி மூன்றே பதிவு. முதலில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கலாகக்கூட இருந்தது.

வருஷமே ஞாபகம் இல்லை என்கிறார். எதை வைத்துக் கணக்குப் போடுவது?

"எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். "அதுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேளுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் பயன்படுத்திய அடையாளங்களைச் சொல்கிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு 1955 புயல் (நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் தேதி). அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கூரை பிய்த்துக்கொண்டு போனபோது நெல்லுக் குதிருக்குப் பின்னால் ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாளாம். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. "ஓரணாவுக்கு ஆறு நயா பைசான்னா மீதிக் கால் யாரு குடுப்பா?" என்று கடையில் நடந்த சண்டையை எல்லாரும் வைத்திருக்கிறார்கள். தனுஷ்கோடி புயலில் போனது 1964 மார்கழி, டிசம்பர் 22 இரவு. இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965 தை. அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. நாகப்பட்டினம் பக்கம் புயல் 1977 நவம்பர் 12. எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர் 24. சுனாமி 2004 டிசம்பர் 26. கும்பகோணத்துக்காரர்களுக்கு மகாமகம் ஒரு தனிக் கணக்கு: 1968, 1980, 1992, 2004, 2016. "பெரியவன் இடுப்புல இருந்தான், அப்ப மகாமகம்" என்றால் வேலை முடிந்தது.

அம்மாவின் கல்யாண வருடத்தை இப்படித்தான் பிடித்தோம். வைகாசியில் கல்யாணம், "அந்த மார்கழியிலதான் தனுஷ்கோடி போச்சு". ஆக 1964.

பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழும் பொருந்தவில்லையே?

பெரும்பாலும் பொருந்தாது. அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள், எட்டினால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். தேதியை வாத்தியார் கணக்காகப் போட்டுக்கொள்வார். அம்மாவின் சான்றிதழில் 1942 ஜூன். உண்மையில் அவள் பிறந்தது சித்திரபானு வருஷம் மாசி.

தமிழ் வருடப் பெயர் தெரிந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று. அறுபது வருடத்துக்கு ஒரு முறைதான் அதே பெயர் வரும். பிரபவ 1927 சித்திரையில் தொடங்கியது, அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் சித்திரபானு 1942-ல் வரும். ஆனால் வருடம் சித்திரையில்தான் பிறக்கிறது. எனவே அந்த வருடத்துத் தை, மாசி, பங்குனி எல்லாம் அடுத்த ஆங்கில வருடம். சித்திரபானு மாசி என்றால் 1943 பிப்ரவரி, மார்ச். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஒரு வருடம் தவறவிடுகிறார்கள். நட்சத்திரமும் தெரிந்தால், ஒரு மாதத்தில் அது ஒரு நாள்தான் வரும், சில மாதத்தில் இரண்டு நாள். அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தில் தேதியே கிடைத்துவிடும்.

இதற்குப் பலன் உண்டு. ஆயிரம் பிறை கண்டவர் என்று சதாபிஷேகம் செய்கிறார்களே, பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.53 நாள் என்று பெருக்கினால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 80 வருடம் 10 மாதம் ஆகிறது. சான்றிதழ்த் தேதியை வைத்திருந்தால் எட்டு மாதம் முந்தியே செய்திருப்போம். அம்மா அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "அத்தன நிலாவையும் நான் எங்க பாத்தேன், பாதி நாளு அடுப்படிலயில்ல கெடந்தேன்" என்றாள்.

தப்பாகச் சொன்னால் திருத்தலாமா?

திருத்தாதீர்கள். அண்ணா இறந்த செய்தி வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது என்று அம்மா சொன்னாள். அது பிப்ரவரி, தை மாதம். நான் வாயைத் திறக்கவில்லை. நினைவு, பெட்டியில் வைத்த புடவை மாதிரி வைத்தது வைத்தபடி இருப்பதில்லை. எடுக்கும்போதெல்லாம் மனசு அதைப் புதிதாகக் கட்டுகிறது, வேறொரு நாளின் வெயில் இதில் வந்து ஒட்டிக்கொள்ளும். குறுக்கே பேசித் திருத்தினால் அடுத்த வரியிலிருந்து அவர் பயந்து பயந்து பேச ஆரம்பிப்பார், "சரியாத் தெரியல" என்று பாதிக் கதையை விழுங்கிவிடுவார். தேதியைத் தனி நோட்டில் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். பெரியம்மா அதே சம்பவத்தை வேறு மாதிரி சொன்னார், அதையும் அப்படியே பதிவு செய்து பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

அப்பா வாயே திறக்க மாட்டார். என்ன செய்வது?

எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் நிறைய அப்பாக்களுக்கு விசாரணை மாதிரி இருக்கிறது. பக்கத்தில் உட்காருங்கள். கூடவே நடங்கள். வேலை செய்த இடத்துக்கு, படித்த பள்ளிக்கு, வயலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என் மாமனார் வீட்டில் மாதத்துக்குப் பத்து வாக்கியம் பேசுகிறவர். ஒரு நாள் அவரை வரப்பில் நிறுத்தி, "ஆடுதுறை 27 இங்க முதல்ல போட்டது யாரு மாமா?" என்று கேட்டேன். அறுபதுகளின் நடுவில் தஞ்சைப் பக்கம் வந்த நெல் ரகம் அது. உரம் போட்டால் நெல் கெட்டுவிடும் என்று அவருடைய அப்பா மறுத்தது, இவர் ராத்திரியில் திருட்டுத்தனமாக ஒரு மா நிலத்துக்கு மட்டும் உரம் தூவியது, அந்த ஒரு மாவில் பயிர் கருகருவென்று நின்றதைப் பார்த்து அப்பா ஒன்றும் சொல்லாமல் வரப்பைச் சுற்றி வந்தது எல்லாம் வந்தது. அப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் இருந்த அன்பைப் பற்றி அவர் பேசியது அந்த உரக் கதையில் மட்டும்தான்.

பேசும்போது அழுதுவிட்டால்?

பதிவை உடனே அணைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவர ஓடாதீர்கள். அது, "இத நான் கேக்க விரும்பல" என்று சொல்வது போல ஆகிவிடும். பக்கத்தில் இருங்கள். நிறுத்தணுமா என்று கேளுங்கள், அவர் சொன்னால் நிறுத்துங்கள்.

பதினெட்டாவது பதிவு. நாங்கள் இரண்டு பேர் என்றுதான் எனக்குத் தெரியும். தம்பிக்குப் பிறகு இன்னொரு குழந்தை இருந்ததை அம்மா அன்று சொன்னாள். 1971-ல் பிறந்தது, ஒன்பது மாதத்தில் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. சொல்லும்போது முந்தானை நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தாள், விரல் நுனி வெளுத்துப்போகும் வரைக்கும். பிறகு எழுந்து போய்ப் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்தாள். ஒரே ஒரு வெள்ளித் தண்டை, கறுத்துப்போய் என் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு. மற்றது எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "அது கூடவே போயிருச்சு." ஐம்பது வருடமாக அதை யாரிடமும் காட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அன்று ராத்திரி எனக்குப் பயமாக இருந்தது, தேவையில்லாமல் கிளறிவிட்டேனோ என்று. மறுநாள் காலையில் அம்மா தானாகவே, "இன்னிக்கு அந்த போன எடுத்துட்டு வரலையா?" என்றாள்.

எல்லாரும் இப்படி லேசாகிவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். "வேண்டாம் விடு" என்று ஒருவர் சொன்னால் அந்தக் கதவை மறுபடி தட்டக் கூடாது.

எப்போதும் வருத்தத்தையும் குறையையுமே பேசுகிறார். கேட்டுக்கொண்டே இருக்கலாமா?

வருத்தம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. திரும்பிப் பார்ப்பது சிலரைக் குற்ற உணர்விலும் நம்பிக்கையின்மையிலும் தள்ளக்கூடும் என்று பட்லரே எழுதியிருக்கிறார். சாப்பாடு குறைகிறதா, தூக்கம் கெட்டுவிட்டதா, பிடித்த சீரியலையோ கோயிலையோ விட்டுவிட்டாரா, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற பேச்சு வருகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் பதிவை மூட்டைகட்டி வைத்துவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாகிற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள், முதுமையில் வரும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. மனநல உதவிக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் அரசின் கட்டணமில்லா எண்கள்.

மறதி நோய் வந்துவிட்டது. இனிப் பயன் உண்டா?

உண்டு. புதிய நினைவுகள்தான் முதலில் போகின்றன, இளமைக்காலத்து நினைவுகள் பலருக்கு நீண்ட நாள் தங்குகின்றன. ஆனால் "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அது பரீட்சை, தோற்றால் அவருக்கு அவமானம். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். பல்லாங்குழி, சுண்ணாம்பு டப்பா, முறம், பழைய சைக்கிள் மணி. தெரிந்த பாட்டு ஒன்றை நீங்கள் ஆரம்பியுங்கள், பேச்சு நின்றுபோனவர்கள்கூட அடுத்த அடியை எடுத்துப் பாடிவிடுவது உண்டு. சாயங்காலம் ஆக ஆகக் குழப்பம் கூடுகிறவர்கள் அதிகம், அதனால் காலையில், பலகாரம் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும்.

எதில் பதிவு செய்வது?

கையில் இருக்கும் போனே போதும், தனிக் கருவி வாங்கக் காத்திருக்காதீர்கள். ஃபேனை நிறுத்துங்கள், காதுக்குக் கேட்காத அதன் இரைச்சல் பதிவில் பெரிதாகக் கேட்கும். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், என்னுடைய ஏழாவது பதிவு பாதியில் ஒரு கடன் விளம்பர அழைப்பால் அறுந்துபோனது. பேசுகிறவர் வாய்க்கு ஒரு முழ தூரத்தில், துண்டின் மேல் வைத்துவிடுங்கள். மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் இடிபோல விழும். ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 30 முதல் 60 எம்பி வரும், வீடியோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. நான் வீடியோ எடுக்கவில்லை. கேமராவைப் பார்த்தால் அம்மா தலைமுடியைச் சரிசெய்துகொள்ள ஆரம்பித்துவிடுவாள், பேச்சு போய்விடும்.

கோப்புக்குத் தேதியும் விஷயமும் சேர்த்துப் பெயர் வையுங்கள். அன்றைக்கே இன்னொரு இடத்தில் நகல் எடுங்கள், ஒரு நகல் வேறு ஊரில் இருக்கும் உடன்பிறந்தவரிடம் இருக்கட்டும். பழைய போட்டோக்களின் பின்பக்கம் பெயர் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறும், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் தெளிவு குறையாது.

காது சரியாகக் கேட்காது. கத்திக் கத்திக் கேட்க வேண்டியிருக்கிறதே?

கத்தினால் குரல் உச்சத்துக்குப் போகும். முதுமையில் முதலில் கேட்காமல் போவது அந்த உச்ச ஒலிகள்தான். முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பேசுங்கள். நீளமான கேள்விகளைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் காட்டலாம்.

எழுதும்போது பேச்சுத் தமிழைத் திருத்த வேண்டுமா? இருமல், இழுவையெல்லாம் வெட்டலாமா?

என் கருத்தில் ஒன்றையும் வெட்டக் கூடாது. "போவணும்" என்றால் "போவணும்". அம்மா மறுபடி பேச மாட்டாள், அந்தச் சொற்களையாவது அப்படியே விடுவோம்.

இருமலுக்கு நமக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில் ஒரு கிழவர் பேசுகிறார். ஆற்றோரத்து மரக்கிளை ஏறி, கரையில் நிற்கிறவர்கள் மலைக்கும்படி மடுவில் தொபீரென்று குதித்து, அடி ஆழத்து மணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டிய இளமை எங்கே போயிற்று என்று கேட்கிறார். இப்போது பூண் போட்ட தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசும் கிழவனாகிவிட்டேன் என்கிறார். பாடியவரின் சொந்தப் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை, பாட்டில் வருகிற அந்தத் தடியை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். பெயர் போய்விட்டது, இருமலும் தடியும் மணலும் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் தாண்டி நிற்கின்றன. என் அம்மாவின் பதிவிலும் இருமல் இருக்கிறது. எனக்கு இப்போது அதைக் கேட்டால்தான் அவள் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றுகிறது.

குடும்பச் சண்டை, சொத்துப் பேச்சு வந்தால்?

வரும். பேசட்டும். ஆனால் யாருக்குப் போட்டுக் காட்டுவது என்பதை அவரிடமே கேட்டு, அதையும் பதிவில் சொல்ல வையுங்கள். அம்மா இரண்டு பதிவுகளை "நான் போனப்புறம் பத்து வருஷம் கழிச்சுக் கேளுங்க" என்று சொல்லியிருக்கிறாள், அதில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கும் போட்டுக் காட்டவில்லை. சொத்துக்கு உயில் தனியாக எழுத வேண்டும். இந்தப் பதிவை அதற்குப் பதிலாக நம்பி இருந்துவிடாதீர்கள்.

எங்க அம்மா ஏற்கெனவே போய்விட்டார். இனி என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும், என் அப்பாவிடம் நான் எதையுமே கேட்கவில்லை. 2009-ல் திடீரென்று போய்விட்டார்.

அவருக்காக நான் செய்தது: முதலில் மொய் நோட்டைத் தேடினேன். 1964 கல்யாண நோட்டு, மூலையில் எலி கடித்தது, பரணில் கிடைத்தது. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி. பிறகு ஊர், பெயர், தொகை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், அபூர்வமாக ஐந்து. ஊர் வாரியாக எண்ணிப் பார்த்தேன், பதினேழு ஊர்கள். அதில் நாங்கள் கேள்வியே பட்டிராத ஓர் ஊரிலிருந்து ஒரே ஆள் பத்து ரூபாய் எழுதியிருக்கிறார். அந்த நோட்டிலேயே அதுதான் பெரிய தொகை. விசாரித்துக்கொண்டு போனால், அப்பா பத்தொன்பது வயதில் ஒன்றரை வருடம் அந்த ஊர் ரைஸ் மில்லில் கணக்கு எழுதியிருக்கிறார், அந்தப் பத்து ரூபாய்க்காரர் வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அவருடைய மகனுக்கு இப்போது எழுபது வயது. "ஒங்க அப்பா எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தாரு" என்றார். அப்பா ரைஸ் மில்லில் இருந்தது என் அம்மாவுக்கே தெரியாது.

மொய் நோட்டு இல்லையென்றால் ஜாதகம், இன்லண்டு லெட்டர், பட்டா, சம்பளச் சீட்டு, ஃபோட்டோவின் பின்பக்கத்து ஸ்டுடியோ முத்திரை, எவர்சில்வர் பாத்திரத்தில் வெட்டிய பெயரும் தேதியும். பிறகு ஆட்கள். அவர் வயதுக்காரர்கள் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள், வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். இந்த மாதமே போங்கள்.

எனக்கே அறுபது ஆகப்போகிறது. என் கதையை நானே பதிவு செய்யலாமா?

தாராளமாக. அறுபதில் பிறந்த வருடத்தின் பெயரே திரும்பி வருகிறது, அதைவிட நல்ல நேரம் எது? எனக்கும் பக்கத்தில் வந்துவிட்டது, போன மாதம் தொடங்கினேன். முதல் வேலையாகப் பத்து வயதில் நீங்கள் இருந்த வீட்டை ஒரு காகிதத்தில் வரையுங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை, கிணறு. யார் எங்கே படுப்பார்கள் என்று குறியுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்தப் படி உடைந்திருக்கும் என்று கைக்குத் தானாகத் தெரியும். நான் வரைந்தபோது ரேழியில் ஒரு கட்டிலைப் போட்டுவிட்டு, அதில் யார் படுத்திருந்தார்கள் என்று அரை மணி நேரம் யோசித்தேன். கண் தெரியாத ஒரு கொள்ளுப்பாட்டி. கையைத் தடவிப் பார்த்தே எங்களை அடையாளம் சொல்வார். நாற்பது வருடமாக நான் அவரை நினைக்கவே இல்லை.

எப்போது நிறுத்துவது?

நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. கடைசிப் பதிவு 2023 ஐப்பசியில், பதினொரு நிமிடம். ரசப்பொடிக்கு மிளகு எவ்வளவு, தனியா எவ்வளவு என்று அம்மா கைக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. "கொடியில துணி கெடக்கு பாப்பா" என்றாள். நான் எழுந்து ஓடினேன், போன் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. அவள் தவறிய பிறகுதான் அந்த இடத்தைக் கேட்டேன். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். பிறகு அம்மா போனைப் பார்த்து, வந்த விருந்தாளியிடம் சொல்வது போலச் சொல்கிறாள்: "துணி எடுக்கப் போயிருக்கு. இப்ப வந்துரும்."